சவுரியம்மாளின் வலது கால்

காலால் பிறந்த பிள்ளை என்றால் ஊரில் ஒரு தனி மதிப்பு. தலையை முன்னே விடாமல் காலை முன்னே நீட்டிக்கொண்டு வருகிற பிள்ளை, பெற்றவளைப் பாதி சாகடித்துவிட்டுத்தான் வெளியே வரும். அதற்குப் பரிகாரம் போல, வளர்ந்த பிறகு அது தன் பாதத்தால் மூன்று தரம் நீவிவிட்டால் யாருடைய சுளுக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்று நம்பிக்கை. ஆம்பூர்ச் சேரியில் அப்படிப் பிறந்தவள் சவுரியம்மாள்.

தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிற ஊரில் சுளுக்குக்குப் பஞ்சமா? தண்ணீரில் ஊறிய தோல் கட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரை முழுக்கக் கொழுப்பும் சுண்ணாம்புத் தண்ணீரும் படிந்து கிடக்கும். விடிந்ததும் அவள் வாசலில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குப்புறப் படுக்கச் சொல்வாள். இடது காலை ஊன்றி நின்றுகொண்டு, வலது பாதத்தை முதுகில் வைத்து மேலிருந்து கீழே மூன்று தரம் இழுப்பாள். "எழுந்து போ" என்பாள். அவர்களும் எழுந்து போவார்கள். வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு, அந்தக் காலுக்கு ஒரு கை மஞ்சளும் பூசிவிட்டுப் போவார்கள். ஊர்த்தெரு ஆட்கள்கூட வருவார்கள். வலியில் கிடப்பவனுக்குச் சாதி மறந்துபோகும். எழுந்து நடந்ததும் ஞாபகம் வந்துவிடும்.

ஊர்ச் சுளுக்கையெல்லாம் எடுத்தவளுக்குத் தன் சுளுக்கு போகவில்லை. அதுவும் அந்த வலது காலிலேயே. மூன்று வருஷத்துக்கு முன்னால் டேனரியில் ஆவாரம் பட்டைக் கூடையோடு வழுக்கி முதல் தடவை மடங்கியது. அதற்கப்புறம் மடங்குவதே அதற்குத் தொழிலாகிவிட்டது. சின்னக் கல் போதும். கல் இல்லாவிட்டால் வெறும் தரை போதும். ஒரு தரம் மாதா கோவிலில் முழங்காலிட்டு எழுந்திருக்கும்போதே மடங்கியது.

ஒவ்வொரு தடவையும் அவள் புருஷன் அந்தோணி முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தம்மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டிவிடுவான். பதினைந்து நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. நாலு பேருக்கு ஆகிற கால் ஆயிற்றே என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார்கள். கட்டு அவிழ்ந்து வேலைக்குப் போவாள். ஆறேழு மாதத்தில் மறுபடி மடங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம் ஆறாவது தடவை மடங்கியது. இந்தத் தடவை இடம் பொல்லாத இடம்.

தோல் பதனிட இடித்த ஆவாரம் பட்டையைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, தொட்டிகளுக்கு நடுவே இருக்கும் கரைமேல் நடந்துபோய்ப் பட்டைத் தொட்டியில் கொட்டுவது அவள் வேலை. ஒன்றரை அடி அகலக் கரை. ஒரு பக்கம் சுண்ணாம்புத் தொட்டி, ஒரு பக்கம் பட்டைத் தொட்டி. பன்னிரண்டு பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, கையை வீசிக்கொண்டு, கூடையைப் பிடிக்காமலே போவார்கள். அதில் ஒரு மிடுக்கு உண்டு. மரக்கட்டையில் தோலைப் போட்டுச் சவ்வு வழித்துக்கொண்டிருக்கும் ஆண்கள் கத்தியை நிறுத்திவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தோணியும் பார்ப்பான். கட்டின பெண்டாட்டியைப் பார்க்க அவனுக்கு என்ன வெட்கம்?

அன்றைக்கு அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வெளிப்பக்கமாக மடங்கியது. கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நல்லவேளையாகப் பட்டைத் தொட்டியில் விழுந்தாள். கழுத்து வரைக்கும் சிவப்புத் தண்ணீர். அந்தப் பக்கம் சுண்ணாம்பில் விழுந்திருந்தால் கண் இரண்டும் வெந்திருக்கும்.

துரைசாமி மேஸ்திரி வந்து நின்றார். ஊர்த்தெருக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. டேனரி முதலாளி சாயபுக்குப் பயந்தவர், பயந்தவர்களுக்கே உரிய கடுமை அவரிடம் இருந்தது.

"மூணு வருசத்துல ஆறு தபா. அந்தாண்ட விழுந்திருந்தீன்னா சாயபுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"இந்தாண்டதானே விழுந்தேன் மேஸ்திரி."

"வாய் மட்டும் ஜாஸ்தி. காலு தேறினதும் மயிரு அலசுற எடத்துக்குப் போயிடு. இனிமே கரையில உனுக்கு வேலை இல்ல."

"அங்க கெழவிங்கதானே குந்திக்கினு கீறாங்க."

"உன் காலும் கெழவி காலுதான், போ."

சேரியே வந்து மஞ்சள் பூசும் காலை ஒருத்தன் கிழவி கால் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கோபத்தை விட ஒரு படி மேலாக, அது உண்மையாக இருக்குமோ என்கிற பயமும் வந்தது.

மயிர் அலசுவது என்றால், சுண்ணாம்பில் ஊறி உதிர்ந்த ஆட்டு மயிரை வாய்க்கால் ஓரம் குந்திக்கொண்டு கூடை கூடையாக அலசிக் காயவைப்பது. நாற்றம் தலைமுடியில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாலும் போகாது. நகக்கண்ணைச் சுண்ணாம்பு அரிக்கும். கரையில் நடந்தவளுக்கு அந்தக் குந்தலே தண்டனை. எதிரே பன்னிரண்டு பேர் போன வரிசையில் பதினொரு பேர் போவதைப் பார்த்துக்கொண்டே அலச வேண்டும்.

ஒருநாள் காலை செல்லம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதே கரையில் கூடை சுமக்கிறவள், பக்கத்து வீடு. வழக்கம்போல இடது காலில் நின்று நீவி அனுப்பிவிட்டு, சவுரியம்மாள் முற்றத்தில் தனியாக நின்றாள். வலி இல்லை, வீக்கம் இல்லை. என்ன தோன்றியதோ, இடது காலைத் தூக்கிவிட்டு வலது காலில் நின்று பார்த்தாள். உடம்பு நாலு பக்கமும் ஆடியது. கண்ணை மூடினாள். மூடினதுதான் தாமதம், பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் மோதினாள்.

கால் மாற்றிக்கொண்டாள். இடது காலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் முழுதாகச் சொன்னாள். நட்ட கல் மாதிரி நின்றது. மறுபடி வலது கால். ஜெபத்தின் முதல் வரி முடியவில்லை.

அந்தோணி கூழ்ச் சட்டியோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாமே இது, கொக்காட்டம்?"

"இந்தக் காலுக்கு நிக்கவே தெரியல."

"சுளுக்கு வுட்டுப் பத்து நாளுதானே ஆச்சு."

"சுளுக்கு போயிடுச்சு. வலி துளி இல்ல. கண்ண மூடினா காலு எங்க கீதுன்னு எனுக்கே தெரியல. தெரிஞ்சாத்தானே மடங்கறப்போ நிமுத்தறது? இந்தா, எடது காலப் பாரு."

நின்று காட்டினாள். ஜெபமும் சொன்னாள். அந்தோணி பாதியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அது எப்பிடி அப்பிடி?" என்று கேட்டான்.

"இத்தன வருசமா ஊரு சனத்துக்கெல்லாம் நீவுனது எந்தக் காலு? வலது. அப்ப நின்னது எந்தக் காலு? எட்டு வயசுலேர்ந்து ஒரு நாளைக்கு ரெண்டு பேரு, மூணு பேரு. அத்தனை பேருக்கும் எடது காலுதான் நின்னு ஒழைச்சிருக்குது. இது மஞ்சள் பூசிக்கினு, எண்ணெய் தடவிக்கினு, மாமியா வூட்டுக்கு வந்த மாப்ள மாதிரி இருந்திருக்குது. போதாக்கொறைக்கு நீ வேற கட்டுப் போட்டுக் கட்டிலு மேல ஏத்திடற."

"நான் இன்னா பண்ணேன்? எல்லாரும் பண்றதுதானே."

"எல்லாரும் மரியாத குடுத்தே கெடுத்துட்டீங்க."

அன்றைக்கே மூங்கில் பத்தைகளை எடுத்து அடுப்பில் வைத்தாள். கூழ் சூடானது.

மறுநாளிலிருந்து வலது காலுக்கு வேலை வந்தது. வீட்டில் மிளகாய் இடிக்கும்போது உலக்கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலில் மட்டும் நிற்பாள். உலக்கை ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பு சாயும், கணுக்கால் நடுங்கும், விழுவாள், எழுவாள். பாலாற்று மணலில் தண்ணீருக்கு ஊற்றுத் தோண்டப் போனால், குடம் நிறைகிற வரைக்கும் ஒற்றைக் காலில் நிற்பாள். சேரிப் பெண்கள் சிரித்தார்கள். "சொன்னதையே புடிச்சுக்கினு ஒத்தக் கால்ல நிக்கிறவன்னு கேட்டிருக்கேன், நெசமா நிக்கிறவள இப்பத்தான் பாக்கறேன்" என்று அந்தோணியும் சிரித்தான். மூன்று வாரத்தில் வலது கால் ஒரு ஜெபம் தாங்கியது. அதற்கு மேலே போகவில்லை. தனியாக நிற்கும்போது அது ஏமாற்றியது; விழுந்தால் என்ன, மண்தானே என்கிற அலட்சியம் அதற்கு.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று அவள் சொன்னாள்; சேரி அதை அகம்பாவம் என்றது.

ஆலங்காயத்திலிருந்து பட்டை ஏற்றி வருகிற வண்டிக்காரர் பெருமாள் முதுகுப் பிடிப்போடு வந்து குப்புறப் படுத்தார். ஏதோ நிழல் மாறி விழுகிறதே என்று தலையைத் திருப்பிப் பார்த்தார். சவுரியம்மாள் வலது காலில் நின்றுகொண்டு இடது காலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

மனிதர் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்திலேயே பிடிப்பு பாதி விட்டிருக்க வேண்டும்.

"ஏய், இன்னாது இது! எடது காலால தள்றதுக்கு நான் இன்னா குப்பையா?"

"ரெண்டும் என் காலுதான் அண்ணே. பொறக்கறப்போ ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சாம்."

"வலது காலு இன்னா ஆச்சு?"

"அது நிக்கக் கத்துக்குது."

"நீ கத்துக்கறதுக்கு எம் முதுகுதான் கெடச்சுதா? எடது காலு பட்டா வூட்டுக்கு ஆவாதும்மா. நான் வண்டி மாடு வெச்சிப் பொழைக்கிறவன்."

வெற்றிலையையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் வாணியம்பாடி வரைக்கும் சங்கதி போய்விட்டது. சவுரிக்குத் திமிர் பிடித்துவிட்டது, நீவச் சொன்னால் இடது காலால் உதைக்கிறாள் என்றார்கள். அவள் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை. அந்தோணி சவ்வு வழிக்கிற இடத்தில் பேச்சுக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான்.

"வேணாம்மே. நமக்குன்னு கீறது அந்த ஒரு மரியாததான். சாயபு வூட்டுலேர்ந்துகூட ஆளு வுட்டுக் கூப்பிடுவாங்க. அதையும் ஏன் கெடுத்துக்கறே? நிக்கறதுன்னா ஒரல்ல புடிச்சுக்கினு நில்லு. ஆளு மேலதான் நிக்கணுமா?"

"ஆளு மேல நிக்கல, ஆளுக்கு நேரா நிக்கறேன். சும்மா நின்னா இது ஏமாத்துது. கீழ ஒருத்தரு படுத்திருந்தா, நான் சாஞ்சா அவங்க முதுகுல விழுவேன்னு இதுக்குத் தெரியுது. அப்ப ஒழுங்கா நிக்குது. எடது காலு இருவது வருசம் அப்பிடித்தானே கத்துக்குச்சு?"

"மரியாத போயிடுமே."

"அந்த மரியாதய வெச்சிக்கினு வாய்க்கா ஓரம் குந்தி மயிரு அலசறேன். எனுக்கு மஞ்சள் வேணாம். கரை வேணும்."

கொஞ்ச நேரம் கழித்து அந்தோணியே முற்றத்தில் குப்புறப் படுத்தான். "எனுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா நீவு" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கலங்கின கண்ணோடு நின்றால் கால் ஆடும் என்று துடைத்துக்கொண்டுதான் காலைத் தூக்கினாள்.

அதற்கு மறுவாரம் செல்லம்மாள் வந்தாள். "எந்தக் காலோ வையிடி. என் இடுப்புக்கு எடது வலது தெரியாது" என்று படுத்தாள். இடது கால் நீவியது, வலது கால் நின்றது. மறுநாள் செல்லம்மாள் கூடை சுமந்தாள். அவள் இடுப்பு எந்தக் காலால் சரியானது, அல்லது ராத்திரி படுத்து எழுந்ததாலேயே சரியானதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செல்லம்மாள் மட்டும் டேனரி முழுக்கச் சொல்லிவிட்டாள். வலி ஜாஸ்தியான ஏழைகள் நாலு பேர், கம்மியாக வெட்கப்படுகிறவர்கள், மெல்ல வர ஆரம்பித்தார்கள். வலது காலுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது.

ஐப்பசியில் அவள் வலது காலில் கண்ணை மூடிக்கொண்டு பத்து ஜெபம் சொன்னாள். நடுவில் ஒரு தரம் வாய்க்கால் கல்லில் கால் பிசகியது. கட்டுப் போடவில்லை, படுக்கவில்லை, நாலாம் நாள் மறுபடி உலக்கையைப் பிடித்தாள். பிறகு மேஸ்திரியிடம் போனாள்.

"காலு தேறிடுச்சு மேஸ்திரி. ஒரு நடை நடந்து காட்டறேன், பாருங்க."

துரைசாமி மேஸ்திரி மூக்குப்பொடியை இழுத்துவிட்டுச் சொன்னார்: "ஊரு வழக்கத்த மாத்துனவ நீ. எடது காலால நீவறியாமே. உன்னக் கரையில ஏத்தினா எனுக்குத்தான் பேஜாரு. விழுந்து தொலைப்பே."

"நடந்து காட்டறேன்னுதானே கேக்கறேன்."

"வேணாம். போய் அலசு."

போய் அலசினாள். அலசின ஆத்திரத்தில் அன்றைக்கு மயிர் வெள்ளை வெளேரென்று வந்தது.

கார்த்திகை மாதம் அடைமழை. பாலாற்றில் நுரை கட்டித் தண்ணீர் வந்தது. பட்டைக் கொட்டகை ஒரு பக்கம் ஒழுக, மூட்டைகளை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த மேஸ்திரி, ஆட்கள் வேகம் போதவில்லை என்று தானே ஒரு மூட்டையைப் பிடித்துத் தூக்கினார். பாதி தூக்கினவர் அப்படியே நின்றார். மூட்டை கீழே விழுந்தது; அவர் விழவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் ஆணி அடித்தது போல நின்றார். நாலு பேர் பிடித்துச் சாக்குமேல் குப்புறக் கிடத்தினார்கள். தொட்டால் கத்தினார். மத்தியான ரயிலில் சாயபு மதராஸிலிருந்து வருகிற நாள் அது.

"சவுரியக் கூப்பிடு" என்றார், சாக்குக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

வாய்க்கால் ஓரத்திலிருந்து கொட்டகைக்குச் சுற்றுவழி ஒன்று உண்டு. கரைமேல் நேர்வழி ஒன்று உண்டு. சவுரியம்மாள் சுற்றுவழியாகத்தான் வந்தாள். கரையில் வேலை இல்லை என்று மேஸ்திரி சொன்னது சொன்னபடியே இருக்கட்டும் என்று நினைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். கொட்டகை நிறைய ஆட்கள். அந்தோணி வழிக்கிற கத்தியோடே வந்துவிட்டான்.

"சீக்கிரம் நீவு" என்றார் மேஸ்திரி. "வலது கால வை."

"வலது காலுக்கு வேற வேலை கீது மேஸ்திரி. எடதுதான்."

"ஏய், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீங்கதான் குப்புறக் கீறீங்களே, உங்களுக்கு எந்தக் காலுன்னு எப்பிடித் தெரியப்போவுது?"

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். மேஸ்திரி எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு விரல் அளவு எழுந்தார். "ஐயோ" என்று மறுபடி படுத்தார்.

"எம் மேல விழுந்துடுவேடி."

"விழுந்தா உங்க முதுகு போவும், எனுக்குக் கரை போவும். ரெண்டு பேருக்கும் நஷ்டந்தான். அசையாம படுங்க."

வெளியே மழை இரைந்தது. அவர் சாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டார். "வெச்சித் தொலை" என்றார்.

அவள் வலது காலை ஊன்றினாள். ஈரத் தரை. பட்டைத்தூள் காலடியில் வழுவழுத்தது. இடது பாதத்தை மேஸ்திரியின் கழுத்துக்குக் கீழே வைத்து, ஒரு தரம் இழுத்தாள். இரண்டாம் தரம் இழுத்தாள். மூன்றாவது தரம் நடுமுதுகில் நிறுத்திக்கொண்டாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. ஒரு ஜெபம். இரண்டு. மூன்று. கணுக்கால் நரம்புகள் மட்டும் தோலுக்கடியில் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தன, உடம்பு அசையவில்லை.

"இன்னாடி பண்றே? எடுடி!"

"இந்தக் காலு ஆடுதா மேஸ்திரி?"

அவர் சாக்கை இன்னும் இறுக்கிக் கடித்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். அன்னைக்கு நடந்து காட்டறேன்னேன், பாக்கலன்னீங்க. இப்ப கண்ணால பாக்க வேணாம். முதுகால பாத்துச் சொல்லுங்க. ஆடுதா?"

"இல்ல" என்றார். சாக்குக்குள்ளிருந்து வந்தாலும் எல்லார் காதிலும் விழுந்தது.

மூன்றாவது இழுப்பை முடித்துக் காலை எடுத்தாள். "ஒடனே எழுந்துக்காதீங்க. கொஞ்சம் அப்பிடியே கெடங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் யாரோ நிரப்பி வைத்திருந்த பட்டைக் கூடையைக் குனிந்து தூக்கித் தலையில் வைத்தாள். செல்லம்மாள் கையைப் பிடித்தாள்.

"இன்னாடி, மேஸ்திரி இன்னும் சொல்லலியே."

"அவரு குப்புறப் படுத்துக்கீறாரு. எழுந்துக்கறதுக்குள்ள நாலு நடை போட்டுடலாம். வா."

கரையில் ஏறினாள். மழையில் கரை எண்ணெய் தடவினது போல மின்னியது. இந்தப் பக்கம் சிவப்புத் தண்ணீர், அந்தப் பக்கம் வெள்ளை. கூடையை அவள் பிடிக்கவில்லை. கையை வீசிக்கொண்டு நடந்தாள். அந்தோணி கொட்டகை வாசலில் நின்றான். கத்தியை இறுக்கிப் பிடித்த கையில் கைப்பிடி பதிந்துவிட்டது.

ஆடியில் விழுந்த அதே இடம் வந்தது. அங்கே கரை ஓரம் மழையில் கரைந்திருந்தது. வலது பாதம் அதன்மேல் பட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. எல்லாரும் பார்த்தார்கள். "மாதாவே" என்றாள் செல்லம்மாள்.

சாய்ந்த கால் தானாக நிமிர்ந்தது. சவுரியம்மாளுக்கு அது தெரிவதற்கு முன்பே காலுக்குத் தெரிந்திருந்தது. கூடையில் இருந்து ஒரு பிடித் தூள் மட்டும் சுண்ணாம்புத் தொட்டியில் கொட்டியது.

அவள் நிற்கவில்லை. பட்டைத் தொட்டி ஓரம் போய்க் கூடையைக் கவிழ்த்து, அடியில் தட்டி, காலிக் கூடையோடு அதே கரையில் திரும்பி வந்தாள். கொட்டகையில் மேஸ்திரி ஒரு கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்து கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார்.

"இன்னும் பதினாறு கூடை கீது மேஸ்திரி" என்றாள் சவுரியம்மாள். "வழிய வுட்டு உக்காருங்க."

அவர் சாக்கை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.